முத்துக்குளித்துறைப் பூட்டனைப் பழைய ஏடுகளில் தேடிப் பிடிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பூட்டனார் பெயர் அந்தோணி பர்னாந்து. மணப்பாட்டுப் பக்கம். முத்துக்குளிக்கப் போனவர், பின்னாளில் கொழும்புக்குப் போய்விட்டார் என்று வீட்டில் பேச்சு. கையில் இருப்பது தாத்தாவின் இறப்புச் சான்றும் ஒரு பழைய கிரயப் பத்திரமும்தான். இதை வைத்து அவர் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மீட்கலாம்?

நிறையவே மீட்கலாம். ஆனால் அந்தப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு நேரே பங்குக் கோயிலில் போய் நின்றால் வேலை நடக்காது. வேம்பாரிலிருந்து கூட்டப்புளி வரைக்கும் எந்த ஊர் ஏட்டைத் திறந்தாலும் பக்கத்துக்கு ஒரு அந்தோணி பர்னாந்து இருப்பார்.

1535 முதல் 1537 வரை இந்தக் கரையில் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. பர்னாந்து, ரோச், மச்சாது, கோமஸ், கொரைரா, வாஸ், மோத்தா எல்லாம் அந்த வழியில் வந்தவை. இதை வைத்துப் போர்த்துக்கீசிய இரத்தம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒரே தெருவில் ஒட்டுறவே இல்லாத பத்து வீடு பர்னாந்து என்றிருக்கும். அதற்கு மேல் நம் வழக்கம் ஒன்று: மூத்தவனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு பேருடைய தலைப்பிள்ளைக்கும் ஒரே பெயர், வயதும் கிட்டத்தட்ட ஒன்று. குழந்தை தவறிப்போனால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. நீங்கள் கண்டுபிடித்த ஞானஸ்நானப் பதிவு பூட்டனுடையதா, அவருக்கு முன்னால் பிறந்து இறந்த அண்ணனுடையதா என்று பார்க்காமல் விட்டால் ஆரம்பமே கோணலாகிவிடும்.

ஆக, ஏட்டில் ஆளை அடையாளம் காட்டுவது அவரைச் சுற்றி நிற்கிறவர்கள்: அப்பா, மனைவி, ஞானப்பெற்றோர், கல்யாணச் சாட்சிகள், பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர், வீட்டுப் பட்டப்பெயர். தேடும்போதெல்லாம் இந்தக் கூட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வாரிசுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஜெபப் புத்தகத்தின் முதல் தாளில் எழுதி வைத்த பிறப்பு இறப்புத் தேதிகள், நினைவு அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்புங்கள். இறப்புச் சான்றில் போட்ட வயதை நம்ப வேண்டாம். 60, 70, 75 என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. ஏழெட்டு வருஷம் முன்னே பின்னே போகும்.

வயதானவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. "1964 புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?", "ஆச்சி கல்யாணத்தப்ப ரங்கூன்காரங்க திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேளுங்கள், வரும். ஆண்களைவிட ஆச்சிமாரிடம் சரக்கு அதிகம். எந்த வீட்டோடு சம்பந்தம் வைத்தோம், எந்த வீடு முறை, இழவுக்கு யார் கோடி எடுத்து வந்தார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வீட்டுப் பட்டப்பெயரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சிலருக்கு வெளியாளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். சில பட்டப்பெயர் அப்படித்தான்.

அடுத்து அந்தக் கிரயப் பத்திரம். கொட்டை எழுத்தில் கிடைக்கும் கிரயத் தொகையை விட்டுவிட்டு முதலில் தேதியைப் படியுங்கள். திருநெல்வேலிச் சீமையில் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போடுவது வழக்கம். "விய ௵ தை ௴, கொல்லம் ௲௬௰௨" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௲ ஆயிரம், ௬௰ அறுபது, ௨ இரண்டு, ஆக 1062. நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. தை மாதம் என்பதால் 1062-உடன் 825 சேர்த்தால் 1887; மார்கழிக் கடைசியும் தையும் சேரும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரைக்குள் அந்த நாள். விய வருஷம் 1886 சித்திரையில் பிறந்தது, அதன் தை மாதம் 1887-இல்தான் விழுகிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் தேதியை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் தமிழ் எண்ணைத் தப்பாகப் படித்திருப்பீர்கள்: ௧ பார்க்க 'க' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும் இருப்பதால் வருகிற வினை. எழுத்தும் கொஞ்சம் படுத்தும்: புள்ளி வைக்காத கையெழுத்து, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு பேதமில்லை. இரண்டு பக்கம் உரக்கப் படித்தால் கண் பழகிவிடும். 'தாது வருஷம்' என்று கண்டால் அது 1876-77, பஞ்ச காலம்; அந்த ஆண்டுகளில் வீடு வாசல் விற்ற பத்திரம் என்றால் ஏன் விற்றார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

பிறகு வாசகம். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருக்கும் தகப்பன் பெயர், ஊர், ஜாதி, மதம், ஜீவனம் எல்லாம் முதல் நாலு வரியில் இருக்கும். "மீன்பிடி ஜீவனம்" என்றிருக்கிறதா, "வியாபாரம்" என்றிருக்கிறதா என்பது பூட்டனார் தோணி ஏறியவரா, தோணி வைத்திருந்தவரா என்பதற்குத் துப்பு. செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், நாலு எல்லைக்காரர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பாகம் பிரித்த மனை என்றால் வடக்கிலோ தெற்கிலோ நிற்பவர் கூடப் பிறந்தவராக இருப்பார். பத்திரத்தின் பின்பக்கம் பதிவு அலுவலக எழுத்தில் ஆவண எண், ஆண்டு, 1 புத்தகம், தொகுதி, பக்கம் என்று இருக்கும்; அடையாளம் காட்டிய சாட்சிகள் பெயரும் அங்கேதான். அந்த எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால் மூலம் செல்லரித்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று நகல் கேட்கலாம். வாசகத்தில் குறிப்பிட்ட தாய்ப்பத்திரத்துக்கு அங்கிருந்து ஏறலாம். இணையத்தில் வில்லங்கச் சான்று பொதுவாக 1975-க்கு இந்தப் பக்கம்தான். அதற்கு முன்னால் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். 1 புத்தகத்துக்குப் பெயர் அட்டவணையும் சொத்து அட்டவணையும் தனித்தனியாக உண்டு. பெயர் அட்டவணையில் பர்னாந்துகள் படையெடுப்பார்கள் என்பதால் சொத்து அட்டவணை வழியாகப் போவது மேல்.

மூன்று தலைமுறைக்கு மேல் எடுத்துச் செல்வது கோயில் ஏடுதான். கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், மரணம் மூன்றுக்கும் தனித்தனி ஏடு. திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டளை 1563-இல் திரெந்து சங்கத்தில் வந்தது. அதனால் சவேரியார் காலத்து ஏடு கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். உப்புக்காற்றும் கரையானும் விட்டுவைத்தது பல பங்குகளில் 19ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடும்.

எந்தக் கோயிலில் தேடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காரணம் இரண்டு. ஒன்று, இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர் நூறு வருஷத்துக்கு முன் கிளைப்பங்காக இருந்திருக்கும். பிரிந்த தேதிக்கு முந்திய பதிவெல்லாம் தாய்ப்பங்கில்தான். இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டின் ஆளுகைச் சண்டை. போர்த்துக்கல் அரசின் உரிமையில் வந்த கோவாக் குருக்கள் ஒரு பக்கம், 1838 வாக்கில் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த சேசு சபையார் மறு பக்கம். சில ஊர்களில் மக்களே இரண்டு கட்சியாகி, இரண்டு கோயில், இரண்டு குரு, இரண்டு ஏடு என்றானது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இல் ஏற்பட்டது. 1928-இல் ரோமாபுரிக்கும் போர்த்துக்கலுக்கும் நடந்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் இரட்டை ஆளுகைக்கு முடிவு வந்தது. ஆகவே ஒரு ஏட்டில் 1860 முதல் 1875 வரை உங்கள் குடும்பமே காணவில்லை என்றால் ஊரைவிட்டுப் போனார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். கட்சி மாறியிருப்பார்கள். மற்றக் கோயில் ஏட்டைக் கேளுங்கள். சேசு சபை மதுரை மிஷனின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ளன. ஊர் வரலாற்றுக்கு அவை உதவும், ஒரு தனி ஆளைத் தேட அங்கே போவது கடைசியில்.

பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். என்ன பெயர், எந்தப் பத்து வருஷம், எந்த ஏடு என்று ஒரு தாளில் கொடுத்தால் மறுப்பவர் குறைவு. "எல்லா ஏட்டையும் பார்க்கணும்" என்றால் யாருக்கும் தயக்கம் வரும்; உயிரோடு இருப்பவர்கள் விவரமும் அதில் இருக்கிறதே. ஞாயிறு, புனித வாரம் வேண்டாம். தூத்துக்குடி என்றால் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. மணப்பாடு என்றால் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டிய நாட்கள். அப்போது போனால் சாப்பாடு கிடைக்கும், ஏடு கிடைக்காது.

ஏடு லத்தீனிலோ போர்த்துக்கீசியத்திலோ இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஐம்பது சொல் தெரிந்தால் போதும். பெயர்தான் ஏமாற்றும். ஏட்டில் பேத்ருஸ் என்பவர் ஊரில் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன். ஸ்தேஃபானுஸ் முடியப்பன், அந்திரேயாஸ் பெலவேந்திரன், யொசேஃபுஸ் சூசை, யாக்கோபுஸ் சந்தியாகு அல்லது யாகப்பன், யொவான்னெஸ் அருளப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். மாதத்தில் ஒரு கண்ணி உண்டு: எண் 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ரிஸ்' என்று சிறிதாக எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். தகப்பன் பெயருக்கு முன் 'குவொந்தாம்' என்றோ அதன் சுருக்கமோ இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை. மகன் கல்யாணத்தில் இருக்கிறது, அதற்கு நாலு வருஷம் முந்திய மகள் கல்யாணத்தில் இல்லை என்றால், மரண ஏட்டில் அந்த நாலு வருஷத்தை மட்டும் தேடினால் போதும்.

தொடங்க வேண்டியது திருமண ஏட்டில். ஒரே பதிவில் இரண்டு குடும்பம், நாலு பெற்றோர், இரண்டு சாட்சி, இரண்டு ஊர். மாப்பிள்ளை வேற்றூர் என்றால் அங்கே ஓலை வாசித்ததற்கு (கோயிலில் கல்யாண அறிவிப்புச் செய்ததற்கு) அந்த ஊர்ச் சாமியார் தந்த கடிதம் உதிரித் தாளாக எங்காவது செருகியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய புதையல் விலக்குக் குறிப்பு. மாமன் மகள், அத்தை மகன் கட்டுவது நம் வழக்கம். திருச்சபைச் சட்டத்தில் அது தடை. ஆகவே விலக்கு வாங்கித்தான் கட்டினார்கள், வாங்கியதை ஏட்டில் எழுதினார்கள். பழைய கணக்கில் மாமன் மகள், அத்தை மகன் 'இரண்டாம் படி' இரத்த உறவு: இருவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று. அப்படிப்பட்ட இருவர் வேறு வேறு இடத்தில் கட்டிப் பெற்ற பிள்ளைகளுக்குள் என்றால் மூன்றாம் படி, பூட்டன் பூட்டி ஒன்று. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டினால் இரண்டும் ஒன்றும் கலந்த படி. 1918 வரை நாலாம் படி வரைக்கும் தடை இருந்தது, அதன் பிறகு மூன்றாம் படியோடு நின்றது. ஆக 1890-இல் ஒரு திருமணப் பதிவில் இரண்டாம் படி விலக்கு என்று இருந்தால், மாப்பிள்ளை பெண் இருவரின் பெற்றோர் நால்வரில் ஒருவரும் ஒருவரும் கூடப் பிறந்தவர்கள் என்று ஏடே சொல்லிவிடுகிறது. எந்த இருவர் என்பதை ஞானஸ்நானப் பதிவுகளைக் கொண்டு நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 1983 சட்டத்தில் எண்ணும் முறை மாறிவிட்டது. பழைய இரண்டாம் படி இப்போது நாலாம் படி. புதிய பட்டியலை வைத்துப் பழைய ஏட்டைப் படித்தால் மரம் தலைகீழாகிவிடும்.

ஞானஸ்நானப் பதிவில் ஓரக்குறிப்பைப் பாருங்கள். 1908 முதல் கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி, அந்தப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. தாத்தாவோ அவர் உடன்பிறந்தவர்களோ கொழும்பில் கல்யாணம் முடித்திருந்தால் ஓரத்தில் கொழும்புக் கோயில் பெயர், தேதி, துணைவர் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. கடல் தாண்டிப் போனவருக்கு இந்த ஓர வரிதான் பாலம்.

மரண ஏட்டில் ஆள் இல்லை என்றால் கடலை நினையுங்கள். அது அடக்கம் செய்ததற்கான பதிவு. உடல் கரை ஒதுங்காதவருக்கு அடக்கம் ஏது? அப்போது மனைவியின் பக்கம் திரும்புங்கள். அவர் மறுமணம் செய்திருந்தால் 'விதுவா' என்ற சொல்லோடு இறந்த கணவன் பெயரும் வரும். கணவன் இறந்தது உறுதியாகாமல் மறுமணம் நடக்காது என்பதால் விசாரணைக் காகிதமும் இருந்திருக்கலாம்.

அரசாங்கப் பதிவுகள் துணைக்கு மட்டும். மதராஸ் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல் வந்தது. கிராமத்தில் முன்சீப் எழுதினார். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரில் தேடச் சொல்லுங்கள். பிள்ளை பெயரில் தேடினால் "பதிவு இல்லை" என்று சான்று கையில் வரும். தூத்துக்குடி ஊருக்குள் பிறந்தவர் என்றால் நகராட்சிப் பதிவு, இன்றைக்கு மாநகராட்சியில். ஜனத்தொகைக் கணக்கில் தனியாள் விவரத்தைத் தேடாதீர்கள், வீட்டுப் படிவங்களை வைத்திருப்பதில்லை. நிலப்பதிவும் கடற்கரைக்காரர்களுக்கு அவ்வளவாகப் பேசாது. குடியிருந்த மனை நத்தமாகவோ கோயில் நிலமாகவோ இருக்கும், பட்டாவில் பெயர் ஏறாது. மாவட்டம் எது என்று குழம்பவும் வேண்டாம்: 1986 வரைக்கும் தூத்துக்குடியும் திருச்செந்தூரும் திருநெல்வேலி மாவட்டம்தான், பழைய முத்திரை எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கும்.

முத்துக்குளித்தவர் என்ற பேச்சைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, வருஷா வருஷம் நடக்கவில்லை. சிப்பி விளைந்தால்தான் குளிப்பு. தூத்துக்குடிப் பக்கம் 1926-28-இலும், கடைசியாக 1955-61-இலும் நடந்தது. இலங்கையில் மன்னார்ப் பக்கம் 1903 முதல் 1907 வரை பெரிய குளிப்புகள், நம் கரையிலிருந்து தோணிகள் போயின. நடுவில் பல வருஷம் சும்மா. ஆகவே குளித்தே பிழைத்தவர் என்றால் பெரும்பாலான நாள் சங்குக் குளிப்புதான் செய்திருப்பார். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளில் சலாபக் கணக்கு உண்டு. தோணி, சம்மாட்டி (தோணிக்குச் சொந்தக்காரர்), ஏலத்தொகை என்றுதான் ஓடும். மூச்சடக்கிய குளியாளின் பெயரும் கயிறு பிடித்தவரின் பெயரும் அபூர்வம். பூட்டனார் சம்மாட்டி என்றால் போய்ப் பாருங்கள். குளியாள் என்றால் பஸ் காசு மிச்சம்.

கொழும்பு வழி இதைவிட நல்ல வழி. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே அரசுப் பிறப்புப் பதிவு இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளையின் சான்றில் தகப்பன் பிறந்த இடம், இனம் எல்லாம் கேட்டு எழுதுவார்கள். பிற்காலப் படிவத்தில் தாத்தா இலங்கையில் பிறந்தவரா என்பது வரைக்கும் கட்டம் உண்டு. 1949 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டிருந்தால் குடியிருப்பை நிரூபிக்க வாடகை ரசீது, கடிதம் எல்லாம் கட்டாகச் சேர்த்திருப்பார்கள். 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் என்றால் குடும்ப அட்டையில் வீட்டார் எல்லோர் பெயரும் வயதும் இருக்கும். சித்தப்பா பெரியப்பா வீட்டுப் பரண்களில் கேளுங்கள்.

தேடும் குடும்பம் காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பம் என்றால் பாதை வேறு: ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு), ஹிஜ்ரி தேதி, அரபுத் தமிழ்க் கடிதங்கள். வீடு பெண்பிள்ளைக்கே போகும் ஊர் அது. ஆகவே தாய்வழியாக ஏறுங்கள்.

கல்லறை எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பையோ மாவையோ தேய்க்காதீர்கள், கல் உதிரும். காலை ஏழு மணி வெயிலில், இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது, செலோடேப்பும் வேண்டாம். ஏட்டைப் படம் பிடிக்கும்போது பிளாஷ் இல்லாமல், முழுப் பக்கம் ஒன்று, வேண்டிய வரி ஒன்று என இரண்டு எடுத்து, ஊர், ஏடு, ஆண்டு, பக்கம் நான்கையும் கோப்புப் பெயரிலேயே போட்டுவிடுங்கள். வரி மட்டும் எடுத்து வந்தவர்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

கடைசியில் இரண்டு அந்தோணி பர்னாந்து மிஞ்சுவார்கள், பெரும்பாலும் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக. இரண்டு பேர் அப்பாவுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் அம்மா பெயர் வேறாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பிறகு ஒவ்வொருவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் வரிசையாக எழுதுங்கள். இரண்டாம் பையனுக்கு என்ன பெயர்? அது மனைவியின் அப்பா பெயராக இருக்க வேண்டும். ஞானத்தகப்பனாக நிற்பவர் உங்கள் பத்திரத்தின் செக்குபந்தியிலோ சாட்சிப் பட்டியலிலோ வருகிறாரா? மூன்றில் இரண்டு பொருந்தினால் அவரைப் பென்சிலால் மரத்தில் எழுதுங்கள். மூன்றும் பொருந்தினால் மை.